குளுமைக் குடம்

அந்த ஐப்பசியில் வாய்க்கால்கரைப் பிள்ளைகள் கிழவர்களைப் போல நடக்க ஆரம்பித்தார்கள். நேற்றுவரை பாலக்கரைக் கடைத்தெருவில் குதிரை வண்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வசவு வாங்கிய பயல்கள் அவர்கள். படுத்து எழுந்ததும் முழங்கால் மடங்கவில்லை. இடுப்பில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக வாசலுக்கு வந்து நின்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தார்கள். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. பெற்றவர்களுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் அது. உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கும் ஒரு நெல் கிடங்கின் பின்சுவருக்கும் நடுவில் மிஞ்சிக் கிடந்த மண்ணில், யாரையும் கேட்காமல் முளைத்த குடிசைகள். விளக்குக் கிடையாது, குழாய் கிடையாது. கிடங்குக் காவல்காரன் மனது வைக்கிறபோது அங்கே தண்ணீர் பிடித்து, கிடைத்த பானையிலும் தகரத்திலும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். வெளியே போக ஒரே வழி, வாய்க்காலின் மேல் பனங்கட்டைகளைப் போட்டுக் கட்டிய பாலம். மழைநாளில் அதில் கால் வைக்கிறவன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் வைப்பான்.

காய்ச்சலோடு உடம்பில் செந்தடிப்பும் வந்தால் கரையில் யாருக்கும் சந்தேகமே வராது. ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஆத்தா உட்கார்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினால், அவள் கோபம் கரையில் மிச்சமிருக்கிற பிள்ளைகள்மேல் திரும்பும். இது கரையின் சட்டம். சர்க்கார் சட்டத்தை மீறினால் போலீஸ்காரன் காலில் விழுந்து தப்பிக்கலாம். இதை மீறினால் யார் காலில் போய் விழுவது?

செய்ய வேண்டியது ஒன்றுதான், குளுமைக் குடம் வைப்பது. புது மண்குடத்தில் கழுத்துவரை தண்ணீர், ஒரு கொத்து வேப்பிலை, பிள்ளையின் தலைமாடு. குடத்தின் வாயை மூடக் கூடாது, ஆத்தா இறங்க வழி வேண்டும். காய்ச்சல் விட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை கவிழ்க்கவும் கூடாது. சில நாளில் அந்தத் தண்ணீரில் உயிர் ஓடும். குட்டிக் குட்டியாய், மயிரிழை கனத்தில், தலைகீழாய்த் தொங்கிக்கொண்டும் துள்ளிக்கொண்டும் இருக்கும். உயிர் ஓடிவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள், பிள்ளை பிழைத்துக்கொண்டது. சாக்கடையில் பார்த்தால் கூத்தாடிப் புழு என்று காறித் துப்புகிற அதே ஜனம், அதையே குடத்தில் பார்த்துவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். யார் கிளப்பிவிட்ட வழக்கம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

குடம் வைக்கிற கை பவுனம்மாளுடையது. காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் வெங்காயம் ஆய்கிற வேலை அவளுக்கு. புருஷன் வீரமலை அதே மார்க்கெட்டில் கைவண்டி இழுத்தான். முப்பது வயதைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம், கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் பெரியம்மை வந்தபோது மூத்த மகள் பொன்னுத்தாயைப் பறிகொடுத்தவள் அவள். அன்றைக்குத் தலைமாட்டில் இருந்த குடத்துத் தண்ணீர் கடைசிவரை கண்ணாடியாய்க் கிடந்தது. ஒரு சொட்டு உயிர் ஓடவில்லை. "நான் சரியாக் கூப்பிடல, அதான் அவ வரல" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் யார் வீட்டில் குடம் வைத்தாலும் அவள்தான் வைப்பாள், தலை முழுகி, ஈரச் சேலையோடு, ஒரு குறை இல்லாமல்.

இப்போது மிஞ்சியிருப்பது மருதை ஒருவன், ஆறு வயது. இவனையும் ஆத்தா கேட்டுவிட்டால் வாய்க்காலில் விழுந்துவிடுவது என்று பவுனம்மாள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லுகிறவள் இல்லை அவள்.

முதலில் படுத்தது ராசப்பனின் மகள். பவுனம்மாள் குடம் வைத்தாள். வாரம் திரும்புவதற்குள் தண்ணீரில் உயிர் ஓடிற்று, பெண்ணும் எழுந்து கஞ்சி கேட்டாள். கரையே மூச்சு விட்டது. அடுத்த வீட்டில் பிள்ளை படுத்ததும் பவுனம்மாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆத்தா வருகிறவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? வந்த இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனால் என்ன? ராசப்பன் வீட்டுக் குடத்தில் கைவிட்டு, துள்ளுகிற தண்ணீரில் ஒரு சிரங்கை அள்ளி, விரலிடுக்கில் சிந்தாமல் ஓடி, அடுத்த வீட்டுக் குடத்தில் விட்டாள். அந்தப் பையனும் பிழைத்தான். அப்புறம் கேட்க வேண்டுமா! "பவுனு, எங்க வீட்டுக்கும் ஒரு சிரங்கை உசிருத்தண்ணி" என்று வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

காய்ச்சல் என்னவோ நிற்கவில்லை. அவள் கை போன வழியே பின்னாலேயே வந்தது. குடம் போன வீட்டில் இரண்டாவது பிள்ளை படுத்தது, அப்புறம் அதற்கடுத்த வீட்டுப் பிள்ளை. பிழைத்தவர்கள்தான் அதிகம், அதனால் குடத்தின் மேல் யாருக்கும் ஐயம் வரவில்லை. ஒரு கைக்குழந்தை செத்தது. குடம் வைத்த மறுநாளே போய்விட்டது, ஆத்தா இறங்க நேரம் இல்லை என்றார்கள். "காய்ச்சல் வந்த பிறகு வச்சாத்தானே லேட்டாகுது? முன்னாலயே வச்சுட்டா?" என்று கேட்டவள் காளியாயி. மூன்று பெற்றவள், கரையில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. அன்றையிலிருந்து காய்ச்சல் உள்ள வீடு, இல்லாத வீடு எல்லாவற்றிலும் குடம்.

பவுனம்மாளும் தன் குடிசையில் ஒன்று வைத்தாள், மருதை தலைவைத்துப் படுக்கிற மூலையில்.

அதற்குப் பிறகு கரையின் சத்தமே மாறிவிட்டது. விளையாடுகிற கூச்சல் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. நல்ல உச்சி வெயிலில், பெரியவர்கள் வேலைக்குப் போன பிறகு, குடிசைகளின் நடுவே நின்றால் மெல்லிசாக ஒரு முனகல் கேட்கும். வாயை மூடிக்கொண்டு யாரோ தாலாட்டுப் பாடுகிற மாதிரி. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று திரும்பினால் அது இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். பவுனம்மாள் ஒருநாள் மண்டியிலிருந்து சீக்கிரம் வந்து, பாலத்தைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டாள். ஆத்தா வீடு வீடாக நுழைந்து பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் வீட்டுக்கு ஓடிப்போய் மருதையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நடுங்கினாள்.

குடத்தை எட்டிப் பார்த்தாள். அவள் நிழல் தண்ணீரில் விழுந்ததும், மேலே தொங்கிக்கொண்டிருந்தவை அத்தனையும் ஒரே நேரத்தில் அடிக்குப் போயின. நகர்ந்து நின்றாள், மேலே வந்தன. மறுபடி குனிந்தாள், மறுபடி போயின. என்னைத் தெரியுது அவளுக்கு என்று சொல்லிக்கொண்டாள்.

பக்கத்துக் குடிசை ஜீனத்துடையது. புருஷன் கலீல் பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டுப் பழுது பார்க்கிறவன். ஒரே மகள் ரஷீதா, மருதைக்கு ஒரு வயது சின்னவள், அவனுக்கு வாலாகவே திரிகிறவள். நத்ஹர் வலி தர்காவில் ஓதி வாங்கிய கறுப்புக் கயிறு பெண்ணின் கையில் இருந்தது. ஜீனத்துக்கு அது மட்டும் போதவில்லை.

"அக்கா, எல்லா வீட்லயும் வச்சாச்சு. எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்க்கா வைக்க மாட்டேங்குறீங்க?"

"உங்க ஆளு சம்மதிப்பாரா? நாளைக்கு என் குடுமியப் பிடிச்சுட்டு நிக்கப்போறாரு."

"அவர் கெடக்காரு. இவளுக்கு ஒண்ணுன்னா அவரா பதில் சொல்லுவாரு? அல்லா காப்பாத்துவான், உங்க கையும் கூட இருக்கட்டும்."

"சரிடி, அழுவாதே. நானே கொண்டாரேன்" என்றாள் பவுனம்மாள். தன் வீட்டுக் குடத்திலிருந்தே ஒரு சிரங்கை அள்ளிக்கொண்டு போய் அங்கே விட்டாள். ரஷீதா குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, "ஆடுது ஆடுது" என்று கை தட்டினாள்.

மலேரியாவுக்கு மருந்தடிக்கிற அமிர்தராஜ் வந்தது அதிலிருந்து இரண்டொரு நாளில். காக்கி டிரவுசர், தோளில் பம்பு. வருஷா வருஷம் வந்து சுவரில் மருந்தடித்துவிட்டு, தேதியைக் காவியில் எழுதிவிட்டுப் போகிற மனிதர். பவுனம்மாள் குடிசையில் நுழைந்ததும் குடத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னம்மா இது, கொசுப்புழுவ வளர்த்துட்டு இருக்கீங்க?"

"வாயக் கழுவுங்க சார். அது ஆத்தா."

"ஆத்தாவோ அப்பனோ, றெக்கை முளைச்சா கொசுதாம்மா. ஊத்திடுங்க."

"அப்ப இதுலேருந்துதான் காய்ச்சல் வருதுங்கறீங்களா?"

அமிர்தராஜ் பம்பை மாற்றிப் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் நமக்குத் தெரியாதும்மா. நம்ம வேலை மலேரியா. அந்தக் கொசு வேற, ராத்திரிக் கொசு. இது பகல்ல கடிக்கிற வரிக்கொசு. எதுக்கும் ஊத்திடுங்க, நல்லது" என்றார். அதற்குள் காளியாயி விளக்குமாற்றோடு வந்துவிட்டாள். மனிதர் சுவரில் தேதிகூட எழுதாமல் பாலத்தைத் தாண்டினார்.

காளியாயிக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. அவள் வீட்டுக் குடம் காலையில் பார்த்தபோது உயிரில்லாமல் கிடந்தது. முந்தின நாள்வரை கொதிக்கிற உலை மாதிரி உயிர் ஓடிய தண்ணீர், ஒன்றுமில்லாமல் தெளிந்துவிட்டது. மேலே ஏதோ தோல் தோலாய் மிதந்தது. அந்த வாரமே அவளுடைய நடுப்பிள்ளையும் படுத்துக்கொண்டான். ஆத்தா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள் என்று கரை முழுக்கப் பேச்சு.

அதைக் கேட்டதும் பவுனம்மாள் வீட்டுக்கு ஓடினாள். தன் வீட்டிலிருந்தும் அவள் போய்விட்டால்? கண்ணாடியாய்க் கிடந்த பழைய குடம் கண்ணிலேயே நின்றது. வாயை மூடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள், கதவைச் சாத்திக்கொண்டு, வெளுத்துப்போன பழைய மல் சேலையில் ஒரு துண்டு கிழித்தாள். குடத்தின் வாயில் போட்டு, கழுத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"மெல்லிசுத் துணிதான் தாயே. மூச்சு விட்டுக்கலாம். ஆனா போயிடாத. என் புள்ள தலைமாட்டுலயே இரு. உன்னை நான் விடமாட்டேன்" என்று குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மருதைக்குக் காய்ச்சல் வந்தே விட்டது. மண்டியிலிருந்து வந்தவள் தொட்டுப் பார்த்தாள், அடுப்புக்கல்லாகச் சுட்டது. வீரமலை வண்டிக்குப் போய்விட்டான், பயந்தால் அவன் அப்படித்தான். அவள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்தாள். வேப்பிலையால் விசிறினாள். "கால் வலிக்குதும்மா, கை வலிக்குதும்மா, கண்ணு உள்ள வலிக்குதும்மா" என்று அவன் புலம்பினான். மூன்றாம் நாள் பகலில் புலம்பலும் நின்றது. காய்ச்சல் தணிந்த மாதிரி இருந்தது, கை கால் ஜில்லிட்டிருந்தது. உதட்டைத் துடைத்தாள். துணியில் ரத்தம். ஈறிலிருந்து வருகிறது. இது பொன்னுத்தாய்க்குக்கூட வரவில்லை.

அப்போதுதான் தாலாட்டு கேட்டது. வெகு பக்கத்தில், அவள் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். குடத்தின் மேல் கட்டிய துணி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாக விட்டது, அவள் கண்ணாலேயே பார்த்தாள். லேசாக அதிர்ந்தது, அமர்ந்தது, மறுபடி அதிர்ந்தது. வெள்ளைத் துணியைத்தான் கட்டியிருந்தாள், அது இப்போது கறுத்திருந்தது. கையும் காலும் தரையில் பதிய ஊர்ந்து கிட்டே போனாள். துணியின் அடிப்பக்கத்தில், இடம் விடாமல், கால் மேல் கால் போட்டு அப்பிக்கொண்டு ஏதோ தொங்கியது. விரலால் தொட்டாள். முழுத்துணியும் ஒரே குரலில் கத்தியது.

பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள்.

துணியில் ஓரமாக ஒரு நைந்த ஓட்டை. அதன் வழியாக ஒன்று வெளியே வந்தது. காலில் வெள்ளை வரி வரியாக இருந்தது. துணிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டிக்கொண்டது, அவசரமே இல்லை. அப்புறம் எழும்பி, காதோரம் சத்தம் போடாமல் வந்து, மருதையின் கழுத்தில் இறங்கியது. பவுனம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் வயிறு மெல்ல மெல்லச் சிவந்து பருத்தது. கை தானாக எழும்பி அடித்தது. உள்ளங்கையில் அவள் பிள்ளையின் ரத்தம்.

படித்தவர் யாரும் வந்து அவளுக்கு விளக்கவில்லை. அமிர்தராஜுக்கே முழுசாகத் தெரியாத சங்கதி. ஆனால் அந்த ரத்தத்தைப் பார்த்ததும், தான் கை ஏந்தி ஓடிய ஒவ்வொரு வீடும் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றது. ராசப்பன் வீடு, அதற்கடுத்த வீடு, காளியாயி வீடு. கை போன வழி, காய்ச்சல் வந்த வழி. ஐயோ, நான்தான் வச்சேன். ஒவ்வொரு சிரங்கையும் நான்தான் அள்ளிக்கிட்டுப் போனேன்!

அழுவதற்கு நேரம் இல்லை. மருதையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டால் பிள்ளை பிழைப்பான். வேறு நினைப்பே இல்லை. போகிறபோது குடத்தையும் துணியோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பாலத்தில் நின்று வாய்க்காலில் போட்டு, அத்தனையையும் மூழ்கடித்துவிட்டுப் போவது என்று திட்டம்.

பிள்ளையோடு அவள் புறப்பட்ட சேதி முன்னாலேயே போய்விட்டது, பாலத்தின் முனையில் காளியாயி நின்றாள். கூடவே ஏழெட்டுப் பெண்கள், இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகள். சிலது காய்ச்சலோடு சரிந்து கிடந்தன. ஜீனத்தும் நின்றாள், ரஷீதா அவள் இடுப்பில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற பவுனு?"

"ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் வருது. வழிய விடு."

"ஆத்தா உக்காந்த புள்ளய வாய்க்கா தாண்டிக் கொண்டுபோவியா? மத்த புள்ளைங்க கெதி?"

"ஆத்தா இல்லடி! கொசு! இந்தக் குடத்துல இருக்கறது பூரா கொசு! நான்தான்டி வீடு வீடாக் கொண்டாந்து வச்சேன்!"

"மலேரியாக்காரன் பேசுன பேச்ச நீ பேசுறியா? குடம் வச்ச வாயா இது?" காளியாயி அடிக்க வரவில்லை. கை கூப்பி நின்றாள், அதுதான் கொடுமை. "என் மூணும் படுத்துக் கெடக்குது பவுனு. உன் கால்ல விழறேன். அவளக் கோவப்படுத்தாத. உன் ஒரு புள்ளைக்காக எங்க புள்ளைங்கள எல்லாம் காவு குடுத்துடாத."

பெண்கள் நெருங்கி நின்றார்கள். பாலம் மறைந்துவிட்டது. மருதையின் வாயிலிருந்து வழிந்தது அவள் தோளில் வெதுவெதுவென்று இறங்கியது. "பாருங்கடி, நீங்களே பாருங்க" என்று துணியின் ஓரத்தைக் கொஞ்சமாக விலக்கினாள். நாலைந்து பறந்து வெளியே வந்தன.

ஒருத்திகூடக் கொசு என்று சொல்லவில்லை. "தாயே!" என்றாள் ஒருத்தி. காளியாயியின் கண் மேலே போனது, கை தலைக்குமேல் போனது. "பறந்து வரா... ஆத்தா பறந்து வரா!" பக்கத்திலிருந்தவள் குலவையிட்டாள். கூட்டம் அரை அடி பின்வாங்கியது. பாலத்தின் முதல் பனங்கட்டை தெரிந்தது.

பவுனம்மாளுக்குப் புரிந்துவிட்டது. துணியை அவிழ்த்தால் வழி திறக்கும்.

அவள் ரஷீதாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் காய்ச்சல் வரவில்லை. கைக்கயிற்றைக் கடித்துக்கொண்டு, மருதை எழுந்திருப்பானா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு அடி தள்ளி வாய்க்கால் ஓடியது. குடத்தை அப்படியே அதில் போட்டுவிட்டால் போதும். போட்டால் இவர்கள் வழி விடமாட்டார்கள். தோளில் பிள்ளை கனமாகிக்கொண்டே வந்தான். மன்னிச்சுக்கடி ஜீனத்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கயிற்றை இழுத்தாள்.

கறுப்பாக எழும்பியது. குடத்துக்குள்ளிருந்து யாரோ நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஆள் உயரத்துக்கு எழும்பி, தலைக்குமேல் நின்று முனகி, அப்புறம் கலைந்து கூட்டத்தின்மேல் இறங்கியது.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று பவுனம்மாள் கத்தினாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "உங்ககிட்ட வந்துட்டா! என் புள்ளய விட்டுட்டா! வழி விடுங்க!"

விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு, குலவையிட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பிள்ளைகளின் கைகளைப் பிடித்து முன்னால் நீட்டினார்கள், பிரசாதத்துக்கு நீட்டுகிற மாதிரி. குடம் அவள் இடுப்பிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அவள் பாலத்தைத் தாண்டி, கடைத்தெருவில் ஒரு குதிரை வண்டியை மறித்து ஏறி, அப்புறம்தான் மூச்சு விட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மருதை பிழைத்தான். கையில் ஊசி குத்திப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். டாக்டரம்மா, "இன்னும் ஒரு வேளை தாமதிச்சிருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றாள். பவுனம்மாள் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள், கரைக்குப் போகவில்லை. வீரமலை முதலில் பார்க்க வந்த அன்றைக்கே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"சும்மா இரு பவுனு" என்றான் அவன். "அங்க எல்லாரும் உன்னயக் கும்புட்டுட்டு இருக்காங்க. ஆத்தாவை எறக்கிக் குடுத்துட்டுப் போனவள்னு. இப்பப் போயி அது கொசுன்னு சொன்னா குடிசையக் கொளுத்திப்புடுவாங்க."

"குடமெல்லாம் இருக்கா?"

"இருக்கு. இன்னும் ரெண்டு மூணு சேர்த்து வச்சிருக்காங்க."

டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். அந்தம்மா வருகிறபோது எழுந்து நிற்பாள், வாய் திறக்கும். யார் வைத்தது என்று கேட்பாளே. பிள்ளை நல்லபடியாக எழுந்து நடக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிடுவாள். நாள்கள் போயின. மருதை கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கிழவனைப் போலத்தான், ஆனாலும் நடந்தான். இட்லி கேட்டான். சிரித்தான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு கொஞ்சுகிறபோது உலகத்தில் வேறு பிள்ளைகளே இல்லை என்று தோன்றும். அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்துக்கொள்வாள், மறுபடி கொஞ்சுவாள்.

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, சாயங்காலம் பார்க்க வருகிறவர்களின் கூட்டத்தில் ஜீனத் வந்தாள். சேலை முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. கையில் ரஷீதா, கண்கள் பாதி மூடி, கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டு. கலீல் வாசலில் சீட்டு எழுதுகிறவரிடம் நின்றான்.

"அக்கா! நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வந்தேன். காளியாயி விடமாட்டேன்னா, இவர்தான் அவ பேச்சக் கேக்காமத் தூக்கிட்டு வந்துட்டாரு" என்று மூச்சு வாங்கினாள். பயத்தில் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுல்லக்கா? ஆகாது. அன்னைக்கு நீங்க அவிழ்த்து விட்டீங்களே, முதல்ல இவ கையிலதான்க்கா வந்து உக்காந்தா. இங்க பாருங்க, இந்தக் கயித்துக்கு மேல. இவ அழுதா, தட்டிவிடப் பார்த்தா. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவ எழும்பிப் போறவரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்க்கா. அந்தப் புண்ணியம் இவளக் காப்பாத்தாதா?"

விழுந்து அவள் காலைப் பிடித்துக் கதற வேண்டும் என்று பவுனம்மாளுக்கு உடம்பு துடித்தது. எல்லாம் நாக்குவரை வந்தது. ஜீனத் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த முகத்தில் ஒரு தப்பும் தேடாமல்.

"காப்பாத்தும்" என்றாள் பவுனம்மாள். "புள்ளையக் குடு, நான் வச்சிருக்கேன். நீ போய் டாக்டரம்மாவக் கூட்டியா, ஓடு."

ஜீனத் நம்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள். ரஷீதா மடியில் தீயாகச் சுட்டாள். கழுத்தைத் திருப்ப முடியாமல், முழு உடம்பையும் மெல்லத் திருப்பி அவளைப் பார்த்தாள். பவுனம்மாள் அந்தக் கண்களைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.